எந்த வாரேன்?

செம்மேடு, கொல்லிமலை
22 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகுணா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், சினையாக இருக்கிற மாடு எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை நாலு வரியாவது எழுதவும். "ம்" என்று எழுதி அனுப்பினால் ஸ்டாம்புக்குக் கட்டுப்படியாகாது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். டவர் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குண்டனி நாட்டில் எங்கள் ஊருக்குத்தான் வராது, உழவர் கம்பெனி ஆபீஸ் இருக்கிற செம்மேட்டில் நன்றாகவே வருகிறது. ஆனால் நான் பத்து வாக்கியம் பேசினால் நீங்கள் பத்து "ம்" போடுகிறீர்கள். எதிரே ஆள் இருக்கிறாரா, லைன் போய்விட்டதா என்றே எனக்குத் தெரிவதில்லை. தபாலில் "ம்" போட முடியாது பாருங்கள், அதனால்தான் கடிதம்.

நிச்சயம் முடிந்து கல்யாணம் வரைக்கும் ஏழு மாசம் நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து எழுதியதெல்லாம் இங்கே டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நேற்று எடுத்துப் படித்தேன். மெஸ் உப்புமாவில் விழுந்த பல்லியைப் பற்றி மட்டும் ரெண்டு பக்கம்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆள் எங்கே போனார் மாமா? கல்யாணமான ஒன்பது வருஷமாக ஒரே வீட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே உழவர் கம்பெனியில் என் கணக்கு வேலை செப்டம்பர் கடைசி வரைக்கும். கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் "வாரேனுங்க" என்றேன், நீங்கள் "ம்" என்றீர்கள். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு கண்ணு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் என்னவென்று சொல்வது?

நேரத்துக்குச் சாப்பிடவும்.

சுகுணா


கோயம்புத்தூர்
6 ஜூலை 2025

சுகுணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். மாடு கன்று போட்டதா?

வீடு சரியாக இருக்கிறது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. நானே சமைக்கிறேன். உன் டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர், எதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நேற்று ரசத்துக்குச் சீரகம் என்று நினைத்துப் போட்டது ஓமம். வைத்தாயிற்று என்று குடித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியின் ஏஜென்ட்டை, அதாவது போனில் பேசும் கம்ப்யூட்டரை, உங்கள் உழவர் கம்பெனிக்கு ஆறு மாதம் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். மேலாளரிடம் உங்கள் பெயரைச் சொன்னது நான்தான். வேறு ஊர்க் கம்பெனிகளும் பட்டியலில் இருந்தன.

"ம்" என்பதைப் பற்றி இவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறாய். நிச்சயத்துக்கு மறுநாள் ஆகாய கங்கை அருவிப் படிக்கட்டில், "உனக்குச் சம்மதமா, நம்ம ரெண்டு பேருக்கும் சரியா வருமா?" என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலும் அந்த ஒரே எழுத்துத்தான்.

அத்தை மாமாவுக்கு என் வணக்கம்.

அருள்பிரகாஷ்


செம்மேடு
27 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தாயும் கன்றும் சுகம். ஓம ரசம் குடித்த வயிறு எப்படி இருக்கிறது?

சீரகமும் ஓமமும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஓமம் குட்டையாக, சின்னதாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்தால் போதும், வித்தியாசம் மூக்குக்கே தெரியும். தெரியாவிட்டால் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவீர்கள்?

படிக்கட்டில் நான் சொன்ன "ம்" வேறு. கீழே அருவியிலிருந்து மேலே வந்து சேர்கிற வரைக்கும் மூச்சு வாங்க யோசித்து யோசித்துச் சொன்னது. அது ஒரு முழு வாக்கியமாக்கும்! உங்களுடையது இருமலுக்குத் தங்கச்சி.

ஏஜென்ட் வந்துவிட்டது. ஒரு நம்பருக்குப் போன் போட்டால் எடுத்துப் பேசுகிறது, விலை சொல்கிறது, லாரியில் இடம் பிடித்துக் கொடுக்கிறது. எங்கள் கம்பெனித் தலைவர் ராசாமணி அக்கா முதல் நாளே அரை மணி நேரம் அதனோடு பேசிவிட்டு, "உங்க ஊட்டுக்காரரைவிட இது நல்லாப் பேசுது சுகுணா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது.

ஒன்பது வருஷத்தில் உங்கள் வேலை என்னவென்று எனக்குத் தெரியாது மாமா. கேட்டால், "டாக்குமென்ட் எழுதறேன்" என்பீர்கள். என்ன டாக்குமென்ட்? நாளெல்லாம் நீங்கள் வாய் வலிக்காமல் எழுதிக் கொடுக்கிறீர்களே, யார் அந்த மவராசன்?

மழை நாள், தலை துவட்டாமல் படுக்க வேண்டாம்.

சுகுணா


கோயம்புத்தூர்
10 ஆகஸ்ட் 2025

சுகுணாவுக்கு,

நான் நலம், வயிறும் நலம். கிடாரிக் கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

மவராசன் மனிதன் இல்லை. அந்த ஏஜென்ட்தான். அதற்குக் காது உண்டு, வாய் உண்டு, கை கிடையாது. கை என்பது நாங்கள் செய்து கொடுக்கிற கருவிகள். விலை பார்க்க ஒன்று, லாரியில் இடம் பிடிக்க ஒன்று, கூட்டத்துக்கு வருகிறவர் பெயரைப் பதிய ஒன்று. எல்லாம் சாப்ட்வேர். கொடுவாளைப் பார்த்ததும் எதற்கென்று புரிகிற மாதிரி இவை புரியாது. அவற்றை உள்ளே திறந்து பார்க்கவும் ஏஜென்ட்டால் முடியாது, நம் எவர்சில்வர் டப்பாக்களைப் போலத்தான். மேலே நான் ஒட்டுகிற குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குத் தெரியும். இது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடக் கூடாது, பேசுகிறவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும், தப்பாகப் போனால் அடுத்து என்ன செய்வது. இதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு சொல்லைத் தெளிவில்லாமல் விட்டால் அது பாட்டுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். முடித்துவிட்டேன் என்று பணிவாகவும் சொல்லும். அங்கேதான் வம்பு.

எங்களிடம் சரக்கு இருப்பைப் பார்க்கிற கருவியும் இருப்பை மாற்றுகிற கருவியும் உன் சீரகம் ஓமம் மாதிரியே இருந்தன. ஏஜென்ட் பார்க்கச் சொன்னால் மாற்றிக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்த மறுநாள் ரெண்டு குறிப்பிலும், "இது அது இல்லை, வித்தியாசம் இன்னது" என்று எழுதினேன். அன்றைக்கே சரியாகிவிட்டது. யார் யோசனை என்று மேலாளர் கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன்.

நம் டப்பாக்களுக்கும் சீட்டு ஒட்டிவிட்டேன். ஒன்றில் மட்டும் கறுப்பாகக் குச்சி குச்சியாக ஏதோ இருக்கிறது. அதன் மேல், "சுகுணாவைக் கேட்க வேண்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அருள்பிரகாஷ்


செம்மேடு
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா ஒரு சேவலை அடிக்காமல் வைத்திருந்தாள். அதுவும் சுகமாக இருக்கிறது. கறுப்புக் குச்சி திப்பிலி, சளிக்கு அப்பா கொடுத்தது. கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். பல்லி எழுதின ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இப்போது கூத்தைக் கேளுங்கள். சின்னுசாமி அண்ணன் பரணில் வைத்திருந்த மிளகைக் காளப்பநாயக்கன்பட்டி கடைக்கு அனுப்ப ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். அது, "எந்த நாடுங்க?" என்று கேட்டிருக்கிறது. இவர், "குண்டனி நாடுங்க" என்றார். அவ்வளவுதான்! வெளிநாட்டு ஏற்றுமதி என்று பதிந்துகொண்டு, ஏற்றுமதி உரிமம் இருக்கா, சுங்கக் காகிதம் இருக்கா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறது. மனுஷன் மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்து, "ஏனுங்க சாமி, மலையை உட்டு எறங்கறதுக்கு எதுக்குங்க வெளிநாட்டுக் காயிதம்? எப்பங்க இந்தச் சட்டம் வந்துச்சு?" என்று நிற்கிறார்.

ராசாமணி அக்கா என்னைப் பார்த்து, "உன்னையும்தான் நாடு உட்டு நாடு கட்டிக் குடுத்திருக்குது, உம்பட பாஸ்போர்ட்டை எடு பாக்கலாம்" என்றார். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இதே மலையில் பைல் நாட்டில் பிறந்த மனுஷர் எழுதின குறிப்பில் நாடு என்றால் எப்படி வெளிநாடு மட்டும் ஆனது? மறந்தே போனீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சுகுணா


கோயம்புத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. திப்பிலி வேலை செய்தது. நீங்கள் எல்லாரும் சுகமா? சேவல்?

அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது, "சரக்கு போகும் நாட்டின் பெயர்" என்று மட்டும். இப்போது ரெண்டாகப் பிரித்துவிட்டேன். ஒன்று வெளிநாடு. இன்னொன்று மலை நாடு, அதற்குக் கீழே, "கொல்லிமலையில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த பகுதி, தேசம் அல்ல" என்று எழுதி, உதாரணத்துக்குக் குண்டனி நாடு, பைல் நாடு ரெண்டையும் போட்டிருக்கிறேன். சின்னுசாமி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மறக்கவில்லை சுகுணா. ஆறாம் வகுப்புக்கு என்னைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்தார்கள். முதல் நாள் வாத்தியார், "நம் நாட்டின் பெயர் என்ன?" என்று கேட்டார். எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கியது நான்தான். "பைல் நாடுங்க" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது, வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அந்த வருஷம் முழுக்க என் பெயர் பைல் நாட்டு ராசா. அப்புறம் யார் எது கேட்டாலும் "ம்" என்றால் போதும் என்று கண்டுபிடித்தேன். "ம்" என்பதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

கடிதத்தில் அந்தப் பயம் இல்லை. யோசிக்கலாம், அடிக்கலாம், திருத்தலாம். அந்த ஏழு மாதம் அவ்வளவு எழுதினேன் என்றால் அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ்ஸில் எல்லாரும் போன பிறகு ஈர மேஜையைத் துடைத்துவிட்டு உனக்கு எழுத உட்காருவேன். அந்த நேரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எப்போதும் இருந்ததில்லை.

டப்பாவில் திப்பிலி என்று புதுச் சீட்டு ஒட்டிவிட்டேன். பழைய சீட்டைக் கிழிக்கவில்லை.

அருள்


செம்மேடு
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சேவலும். சளிக்கு அப்புறம் இருமல் இருந்தால் அலட்சியம் பண்ண வேண்டாம்.

அந்த வாத்தியார் மட்டும் என் எதிரே வரட்டும், நல்லா நாலு கேட்பேன். ஏன் மாமா இதை இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை? தெரிந்திருந்தால் உங்கள் "ம்" எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்க மாட்டேன். பாதிக்குத்தான் போட்டிருப்பேன்.

சரி, அடுத்த கூத்து. போன புதன்கிழமை சாமை, தினை விற்பனையைப் பற்றிக் கூட்டம். ஏஜென்ட் உறுப்பினர் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னது. எண்பது பேர் வருவதாக உறுதி என்று பட்டியல் கொடுத்தது. நானும் அதை நம்பி நாற்காலி வரவழைத்து, போண்டாவுக்குச் சொல்லி, பெரிய அண்டாவில் டீ போட்டு வைத்தேன். வந்தது மூணு பேர். அதில் ஒருத்தர் நாற்காலிக்காரர்! ராசாமணி அக்கா காலி நாற்காலிகளுக்கு நன்றியுரை சொன்னார்.

என்னடா இது என்று போன் பேச்சுப் பதிவுகளை எடுத்துக் கேட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அது கூட்டம் என்று சொன்னதும் ஒவ்வொருத்தரும், "அப்படிங்களா, சரிங்க, வாரேனுங்க" என்று போனை வைத்திருக்கிறார்கள். விடைபெறுகிற "வாரேன்". அதை நம்பி எல்லார் பெயரையும் பதிந்துவிட்டது.

இன்னொரு விஷயம். என் மூணு மாசம் முடிந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் இருக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இருக்கட்டுமா, வரட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.

சுகுணா


கோயம்புத்தூர்
14 அக்டோபர் 2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

வருகைப் பதிவுக் கருவியின் குறிப்பைத் திருத்த வேண்டும். பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் அந்தக் கருவியையே எடுத்துவிடலாம் என்கிறார் மேலாளர். எந்த "வாரேன்" வருகிற வாரேன், எது போகிற வாரேன் என்று எப்படிப் பிரிப்பது? உனக்குத் தெரிந்ததை உதாரணத்தோடு எழுதி அனுப்பு.

வேலையை நீட்டிப்பது உன் விருப்பம்.

அருள்


செம்மேடு
26 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனசு இன்றைக்கு எனக்கு இல்லை.

"உன் விருப்பம்" என்று படித்துவிட்டு ஆபீசுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள், தெரியும். எனக்கு அது பெரிய எழுத்தில் எழுதின "ம்". இரு என்றால் இருந்திருப்பேன், வா என்றால் வந்திருப்பேன், வேண்டாம் என்றால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். "நாளைக்கு வாரேன்", "காலை பஸ்ல வாரேன்", "மாட்டைப் புடிச்சுக் கட்டிப்போட்டு வாரேன்", இவர்கள் எல்லாம் வருவார்கள். "சரிங்க வாரேன்", "வாரேன் சாமி", இவர்கள் போகிறார்கள். "பாக்கலாம், வாரேன்" என்றால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். நாளோ, நேரமோ, பஸ்ஸோ கூட வந்தால்தான் அது வருகிற வாரேன். நாள் சொல்லாத வாரேனை நம்பி யாரும் நாற்காலி போடக் கூடாது.

பொங்கல் வரைக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுகுணா


கோயம்புத்தூர்
19 டிசம்பர் 2025

சுகுணா கண்ணுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி? நான் உடம்புக்கு நலம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். எழுதின ஒவ்வொன்றும் "உன் விருப்பம்" மாதிரியே இருந்தது, கிழித்துப் போட்டேன். முதலில் கருவியின் குறிப்பையாவது முடிப்போம் என்று முடித்தேன். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"வருகைப் பதிவு. பேசுகிறவர் 'வாரேன்' என்பதோடு நாளோ, நேரமோ, வண்டியோ சேர்த்துச் சொன்னால் மட்டும் இந்தக் கருவியை எடுக்கவும். 'வாரேன்' என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்தால் எடுக்கக் கூடாது, அது விடைபெறும் சொல்லாகவும் இருக்கலாம். எந்த வாரேன் என்று தெரியாவிட்டால் நீயாக முடிவு செய்யாதே. 'எந்த நாளுங்க?' என்று கேள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்."

நன்றாக வேலை செய்கிறது. போன கூட்டத்துக்குப் பட்டியல் சரியாக இருந்ததாக ராசாமணி அக்காவே மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். கருவி தப்பித்தது. எனக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. நான் எழுதின குறிப்பை நானே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டில் நீ "வாரேனுங்க" என்றாய். நாள் சொல்லவில்லை. நீ திரும்பி வருவாய் என்று நானாகப் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்து சாவகாசமாக ரசம் வைத்தேன். ஒரு மிஷினுக்குக் கேள் என்று சொல்லிக் கொடுக்கிறவன் உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அது எந்த வாரேன் கண்ணு?

நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ வர வேண்டும் என்பது என் ஆசை. இதை ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும், தொண்டை வரைக்கும் வந்தது.

பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் சொல். ஜனவரி 14, புதன்கிழமை, போகியன்று சேந்தமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வாரேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, மதியச் சாப்பாட்டுக்குள் செம்மேட்டில் இறங்குவேன். இது வருகிற வாரேன். மாதம் முடிகிற வரைக்கும் லீவு சொல்லியிருக்கிறேன். படிக்கட்டில் ஒரு தடவை இறங்கி ஏறுவோம். அப்புறம் நீ கோயம்புத்தூருக்கு வருவதா, நான் அங்கிருந்தே வேலை பார்ப்பதா என்று பேசுவோம். வாயால் பேசுவேன், சத்தியமாக. சேவலை அடிக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல், அதையும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் முன்னாலேயே பதில் போடு. நான் வரட்டுமா?

அருள்


செம்மேடு
2 ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கன்றுக்குப் பெயர் வைக்க உங்களுக்காகக் காத்திருக்கிறோம். புதன்கிழமைக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படிக்கட்டில் சொன்ன அதே பதில்தான், கார்டில் எழுதிப் போடுகிறேன்.

ம்.

சுகுணா